கமாயிஷி இரும்பாலையின் ரக்பி அணி

விலைவாசியும் வரியும் எடைக்கல் முத்திரையும் பேசும் இந்தப் பக்கங்களில் ஒரு விளையாட்டு அணியின் வரலாறு எதற்கு என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாம் சொல்லப் போகும் அணி ஒரு கம்பெனியின் சொத்தாக இருந்தது. அந்தக் கம்பெனியின் சம்பளத்தை நம்பி ஓர் ஊரே கடை வைத்திருந்தது. கம்பெனி கையைச் சுருக்கிக் கொண்டபோது அணிக்கும் ஊருக்கும் கடைகளுக்கும் நேர்ந்ததைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பெரிய ஆலையின் வாசலில் கடை வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு இதில் அறிமுகமான முகங்கள் நிறைய தென்படும்.

ஜப்பானின் வடகிழக்கே, இவாத்தே மாநிலத்தில், பசிபிக் கடலோரமாக இருக்கும் ஊர் கமாயிஷி. மலை கடல் வரை இறங்கி வந்துவிடும். சமதரை என்பது ஆற்றின் இரு கரையிலும் கிடைக்கும் ஒடுங்கிய துண்டு மட்டுமே. கடலில் மீன், மலையில் இரும்புத் தாது. இந்த இரண்டும்தான் ஊரின் முதல்.

1857 டிசம்பர் 1 அன்று ஓஷிமா தக்காத்தோ என்ற சாமுராய் குலத்துப் பொறியாளர் இங்கே மேல்நாட்டு முறை ஊதுலையில் தாதிலிருந்து இரும்பு உருக்கிக் காட்டினார். இன்றும் ஜப்பானில் டிசம்பர் 1 இரும்பு நாள். அவர் காலத்து உலைகளில் ஹாஷினோ என்ற இடத்தில் இருப்பவை 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தன.

இந்த இடத்தில் ஒரு வியாபாரியைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. 1880-இல் அரசாங்கம் இங்கிலாந்திலிருந்து இயந்திரங்கள் தருவித்துப் பெரிய ஆலை ஒன்றைத் திறந்தது. கரி போதவில்லை, உலை அடைத்துக் கொண்டது. மூன்று ஆண்டுக்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அரசாங்கமே கைவிட்டதை எடுத்து நடத்த முன்வந்தவர் தனக்கா சோபெய் என்ற இரும்புச் சாமான் வணிகர். படைகளுக்குச் சரக்கு சப்ளை செய்து வந்தவர். பெரிய உலையைத் தொடாமல் சின்ன உலைகளைக் கட்டினார். 48 முறை இரும்பு ஒழுங்காக வரவில்லை. 49-வது முறை, 1886 அக்டோபர் 16 அன்று, வந்தது. மறு ஆண்டே தனக்கா பெயரில் ஆலை எழுந்தது. 48 முறை சரக்கு கெட்டும் 49-வது முறைக்கு முதல் போட்ட அந்த மனிதரின் பேரேட்டைப் பார்க்க நமக்கு ஆசைதான்.

1923-இல் தோக்கியோவைப் புரட்டிப் போட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு தனக்கா குடும்பத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆலை 1924-இல் மிட்சுயி கைக்குப் போயிற்று. 1934-இல் நிப்பான் செய்தெட்சு என்ற பெரிய நிறுவனத்தில் சேர்ந்தது. 1945 ஜூலை 14 அன்றும் ஆகஸ்ட் 9 அன்றும் எதிரிக் கப்பல்கள் கடலிலிருந்தே பீரங்கியால் ஊரையும் ஆலையையும் அடித்து நொறுக்கின. போருக்குப் பின் 1950-இல் ஃபியூஜி ஸ்டீல், 1970-இல் யவாத்தா ஸ்டீலுடன் இணைந்து நிப்பான் ஸ்டீல் என்று பெயர்ப்பலகை மாறி மாறி வந்தது. பலகை மாறினாலும் சம்பள நாள் மாறவில்லை. 1963-இல் ஊரின் மக்கள்தொகை 92,000-ஐத் தொட்டது. அந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அத்தனை பேர்.

அந்தக் காலத்து வியாபாரம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரே அடையாளம் போதும். 1958-இல் ஊரின் நடுவே ஓடும் ஆற்றுக்கு மேல், பாலத்தை ஒட்டி, ஒரு சந்தையையே கட்டினார்கள். தரையில் இடமில்லாததால் தண்ணீருக்கு மேல் கடை! மீன், கருவாடு, கடற்பாசி, காய்கறி என்று கூரைக்குக் கீழே வரிசையாகக் கடைகள். பாலத்துச் சந்தை என்றே பெயர். இன்னொரு பக்கம் கால்வாய் ஓரமாகக் குடிக்கடைச் சந்து ஒன்று. பத்துப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் சின்னஞ்சிறு கடைகள்; பெரும்பாலும் பெண்களே நடத்தியவை. ஆலைத் தொழிலாளியும் மீனவரும் வந்து போகும் இடம்.

கம்பெனிக்கு எதற்கு ஆட்டக்காரர்கள்?

1959-இல் ஆலையில் ரக்பி அணி தொடங்கியது. ரக்பி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பக்கத்துக்கு 15 பேர், முட்டை வடிவப் பந்து. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் கையால் முன்பக்கம் வீசக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிராளியைப் பிடித்துக் கீழே தள்ளலாம். உடம்பும் வேண்டும், பக்கத்தில் ஓடிவருகிறவன் மேல் நம்பிக்கையும் வேண்டும்.

ஜப்பானில் பெரிய கம்பெனிகள் அணி வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். கார் கம்பெனி, மின்சாதனக் கம்பெனி, உருக்காலை எல்லாவற்றிலும் இருந்தது. ஆட்டக்காரர் என்றால் ஆட்டத்துக்குக் கூலி வாங்குகிறவர் அல்ல, கம்பெனித் தொழிலாளி. வேலை முடிந்த பிறகு பயிற்சி. உலக ரக்பியிலேயே 1995 வரை ஆட்டத்துக்குப் பணம் வாங்கக் கூடாது என்பதுதான் விதி. கம்பெனிக்கு இதில் இரண்டு வகை லாபம். ஒன்று விளம்பரம். மற்றொன்று, ஒரே பட்டறையில் வேலை பார்க்கிறவர்களை ஒரே குரலில் கத்த வைப்பது. ஒருவர் ஓய்வு பெறும் வரை அதே கம்பெனியில் இருப்பார் என்ற கணக்கு நிலைத்திருந்த வரையில், அணிக்கான செலவைக் கேள்வி கேட்டவர்கள் குறைவு.

கமாயிஷி அணிக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. மற்ற கம்பெனிகள் தோக்கியோவின் பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்களை எடுத்தன. இங்கே அணியின் பெரும்பகுதி வடகிழக்குப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளில் படித்துவிட்டு நேரே ஆலைக்கு வந்த பையன்கள். இவாத்தே, அகித்தா, அவோமோரி பக்கத்துப் பிள்ளைகள். அகித்தாவின் நோஷிரோ தொழில்நுட்பப் பள்ளியிலிருந்து வந்த இஷியாமா ஜிரோ போன்றவர்கள் முன்வரிசையில் தோள் கொடுத்தார்கள். படித்தவர்களின் ஆட்டம் என்று பெயர் வாங்கியிருந்த விளையாட்டில் இது சாதாரணமல்ல.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்களும் சிலர் உண்டு. மெய்ஜி பல்கலைக்கழகத்தின் மோரி ஷிகெதக்கா 1974-இலும், மத்சுவோ யூஜி 1976-இலும் சேர்ந்தார்கள். உலையில் சுட்ட இரும்பைப் போல உரமேறிய பையன்களுக்கு ஆட்டத்தின் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர்கள் இவர்கள்.

அக்காலத்தில் ஆண்டுதோறும் ஜனவரி 15 அன்று, கம்பெனி அணிகளில் முதலாவதும் பல்கலைக்கழக அணிகளில் முதலாவதும் தோக்கியோ தேசிய அரங்கில் மோதும். அதில் வெல்வதே ஜப்பான் பட்டம். 1977 ஜனவரியில் கமாயிஷி வசேதா பல்கலைக்கழகத்தை 27-12 என்று வென்றது. மறு ஆண்டு வாய்ப்பில்லை. பிறகு 1979 ஜனவரி தொடங்கி 1985 ஜனவரி வரை, இடைவிடாமல் ஏழு முறை பட்டம். மொத்தம் எட்டு. 'வடக்கின் இரும்பு மனிதர்கள்' என்று நாடே அழைத்தது.

அந்த நாட்களில் அரங்கின் ஒரு பக்கம் வண்ணக்கொடி மயமாக இருக்குமாம். அந்தப் பக்கத்து மீன்பிடிப் படகுகளில், வலை நிறைய மீன் அகப்பட்ட நாளில் ஏற்றும் பெரிய கொடி ஒன்று உண்டு. மீன், அலை, சூரியன் எல்லாம் சிவப்பும் நீலமுமாக எழுதிய கொடி. கரையில் நிற்கிறவர்கள் தூரத்திலேயே பார்த்து இன்றைக்கு நல்ல வரத்து என்று தெரிந்து கொள்வார்கள். அந்தக் கொடிகளைச் சுருட்டிக்கொண்டு வந்து தலைநகரின் அரங்கில் வீசினார்கள். ஆலையின் அணிக்கு மீனவர் கொடி! கம்பெனி காசு கொடுத்து இதைச் செய்ய வைத்திருக்க முடியாது. கணக்கில் அணி கம்பெனியுடையது. ஆனால் ஊர் அதைத் தன்னுடையதாக எடுத்துக் கொண்டு வெகு நாளாகிவிட்டது. பின்னால் நடந்ததற்கு இதுதான் வித்து.

மோரியைப் பற்றி நம் வாசகர்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று. அணித் தலைவராகவும் பயிற்சியாளராகவும் நான்கு தொடர் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, புகழ் உச்சியில் இருக்கும்போதே ஃபுகுவோக்காவுக்குத் திரும்பிவிட்டார். குடும்பத்துக் கண்ணாடி வியாபாரத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதுதான் காரணம். கடைக்குத் திரும்பியதால் அவர் பெயர் மங்கிவிடவில்லை. 2019-இல் ஜப்பான் ரக்பி சங்கத்துக்கே தலைவரானார்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற மத்சுவோ 1985 ஜனவரி 15 அன்று, அடிபட்ட கணுக்காலோடு இறங்கி, தோஷிஷா பல்கலைக்கழகத்தை 31-17 என்று வென்று ஏழாவது தொடர் பட்டத்தோடு ஓய்வு பெற்றார். தோற்ற பக்கத்தில் ஆடிய ஹிராவோ செய்ஜி என்ற இளைஞர் பிறகு கோபே ஸ்டீலில் சேர்ந்தார். அந்த இன்னோர் உருக்காலை அணியும் 1989 முதல் 1995 வரை அதே போல ஏழு முறை தொடர்ந்து வென்றது. ஏழாவது பட்டம் வாங்கிய இரண்டாம் நாள், 1995 ஜனவரி 17 அன்று, கோபே நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது.

உலை அணைந்தது

கமாயிஷி அணி மறுபடி ஜப்பான் பட்டம் வாங்கவில்லை. ஆட்டக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆலையே தேய்ந்து கொண்டிருந்தது.

தேய்வு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1960-களிலேயே கம்பெனி, நகோயா அருகே புதிதாகக் கட்டிய ஆலைக்கு இங்கிருந்து தொழிலாளிகளைக் குடும்பம் குடும்பமாக மாற்றி அனுப்பியது. அங்கே விசாலமான சமதரை, பெரிய துறைமுகம், கார் தொழிற்சாலைகள் பக்கத்திலேயே. மலைக்கும் கடலுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு நின்ற கமாயிஷி ஆலையை விரிவாக்க வழியில்லை. ஆக அணி ஏழு பட்டம் வாங்கிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஊரில் தலை எண்ணிக்கை குறைந்து கொண்டே வந்தது. கொடி பறக்கிற சத்தத்தில் கல்லா இளைப்பது தெரியாமல் போவது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.

1985 செப்டம்பரில் ஐந்து பெரிய நாடுகள் நியூயார்க்கில் கூடி டாலரின் மதிப்பைக் குறைக்க ஒப்புக் கொண்டன. அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 240 யென். 1987 முடிவில் 120 யென் அளவுக்கு வந்துவிட்டது. ஏற்றுமதி செய்கிறவனுக்கு இதன் பொருள் எளிது. 100 டாலருக்கு விற்ற சரக்குக்கு 24,000 யென் வந்த இடத்தில் 12,000 யென்தான் வரும். தொழிலாளி சம்பளமோ யென்னில் அப்படியே நிற்கும். வெளிநாட்டு உருக்கோ உள்ளே மலிவாக வந்து இறங்கும். நிப்பான் ஸ்டீல் 1987-இல் பெரிய ஆட்குறைப்பு, உலைக்குறைப்புத் திட்டத்தை அறிவித்தது. 1989 மார்ச்சில் கமாயிஷியின் கடைசி ஊதுலை அணைக்கப்பட்டது. டயருக்குள் போகும் கம்பி போன்றவற்றுக்கான உருக்குக் கம்பி இழுக்கும் வேலை மட்டும் தங்கியது. அதற்கான உருக்கு வேறு ஆலைகளிலிருந்து வந்தது. சில ஆண்டுகளில் சுரங்கத்திலும் பெரிய அளவில் தாது வெட்டுவது நின்றது. அந்தச் சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துக் குடிநீராக விற்கிறார்கள் என்பது மளிகைக்காரர்களுக்கான தனித் தகவல்.

ஓர் ஆலைக்குப் பொருள் கொடுக்கும் மொத்த வியாபாரிக்கு ஆலை மூடும் தேதி முன்கூட்டியே தெரியும். அவர் கொள்முதலைக் குறைத்துக் கொள்வார். சில்லறைக் கடைக்காரர் பாடுதான் சிரமம். அவருடைய முதல் பற்று நோட்டில் இருக்கிறது. வாடிக்கையாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது பாக்கியைத் தீர்த்தாலும் அடுத்த மாதச் சாமான் வாங்க ஆளில்லை. ஒரே ஒரு பெரிய சம்பளக்காரரை நம்பிய ஊரில் கடைக்காரருக்கு அடுத்த வாடிக்கை கிடையாது. கமாயிஷியில் நடந்ததும் இந்தக் கணக்குக்கு வேறாக இருந்திருக்க முடியாது. 92,000 பேர் இருந்த ஊர் 2011 தொடங்கும்போது 40,000 அளவில் நின்றது. பாலத்துச் சந்தை 2003 ஜனவரியில் மூடப்பட்டு, வியாபாரிகள் ரயில் நிலையத்தின் அருகே புதுக் கட்டடத்துக்குப் போனார்கள்.

அணியை யார் எடுத்துக் கொள்வது?

உலை இல்லாத ஆலைக்கு முழு ரக்பி அணி பாரம். கம்பெனிகள் அணியைக் கலைப்பது ஜப்பானில் புதிதல்ல. கோபே நகரின் வேர்ல்ட் என்ற ஆடை நிறுவனம் 2009-இல் தன் அணியை விட்டது. கோக்கா-கோலாவின் ரெட் ஸ்பார்க்ஸ் 2021-இலும், சானிக்ஸ் நிறுவனத்தின் முனகாத்தா அணி 2022-இலும் கலைந்தன. இவ்விரண்டும் ஃபுகுவோக்கா பக்கத்தவை. கணக்குப் பிள்ளை செலவுப் பத்தியில் கோடு போடுகிறார், அணி இல்லாமல் போகிறது. ஆட்டக்காரர் வேறு அணி தேடுகிறார் அல்லது மேசை வேலைக்குப் போகிறார். பல ஊர்களில் அத்தோடு கதை முடிந்துவிடும்.

கமாயிஷியில் அப்படி முடியவில்லை. 2001 ஏப்ரலில் நிப்பான் ஸ்டீல் கமாயிஷி என்ற கம்பெனி அணி இல்லாமல் போயிற்று. அதன் இடத்தில் கமாயிஷி சீவேவ்ஸ் என்ற ஊர்ச் சங்கம் வந்தது. கடலலை என்று பொருள். கம்பெனி முழுவதும் கழன்று கொள்ளவில்லை. ஆதரவாளர்களில் ஒருவராக நின்றது. ஆனால் முழுச் செலவையும் ஒரே கை சுமப்பது நின்றுவிட்டது. ஊரார் சந்தா கட்டி உறுப்பினர் ஆனார்கள். ஊர் நிறுவனங்கள் நன்கொடை கொடுத்தன. ஆட்டக்காரர்களுக்கு ஊரின் வெவ்வேறு தொழிலிடங்களில் வேலை கொடுத்தார்கள். ஜப்பானில் இந்த முறைக்கு முன்மாதிரி என்று சொல்ல அப்போது அதிகம் இல்லை.

இதைப் பெரிய வெற்றி என்று நாம் மிகைப்படுத்த மாட்டோம். பணபலம் உள்ள கம்பெனி அணிகளோடு ஊர்ச் சந்தாவால் போட்டி போட முடியாது. 2003-இல் தொடங்கி நடந்த டாப் லீக் என்ற உயர்மட்டப் போட்டியில் இவர்கள் ஒருமுறையும் இடம் பிடிக்கவில்லை. பழைய எட்டுப் பட்டங்களையும் பார்த்தவர்களுக்கு இது வருத்தமே. ஆனாலும் அணி இருந்தது, ஆட்டம் நடந்தது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கிடைத்தது.

2011 மார்ச் 11 பிற்பகலில் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலையும் வந்தன. கமாயிஷியில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரத்துக்கு மேல். கடலோரக் கடைவீதி நீரில் மூழ்கியது. கால்வாய் ஓரத்துக் குடிக்கடைச் சந்து அடித்துக்கொண்டு போயிற்று. ஊரில் இருந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களை அவரவர் நாட்டுத் தூதரகம் அழைத்தது. ஆஸ்திரேலியாவின் ஸ்காட் ஃபார்டி, போக வாகனம் தருகிறோம் என்று சொல்லியும் போகவில்லை. சக ஆட்டக்காரர்களோடு நின்று நிவாரணச் சாமான் மூட்டைகளை இறக்கினார். கனமான மூட்டையைச் சுமக்க இப்படிப்பட்ட தோள்கள் எத்தனை உதவி என்று நம் கிடங்குத் தொழிலாளிகளைக் கேட்டால் சொல்வார்கள். அதே ஃபார்டி 2015 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்காக ஆடினார்.

பழைய கம்பெனி அணியின் ஆட்டக்காரர்களும் திரும்பி வந்தார்கள். இஷியாமா ஜிரோ முதலியோர் ஸ்க்ரம் கமாயிஷி என்ற அமைப்பைத் தொடங்கி, உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றை இங்கே நடத்த வேண்டும் என்றார்கள். வீடிழந்தவர்கள் தற்காலிகக் குடியிருப்பில் கிடக்கும்போது விளையாட்டரங்கா என்று ஊரிலேயே எதிர்ப்பு இருந்தது. அந்த எதிர்ப்பில் தவறில்லை என்பதே நம் எண்ணம். அடுத்த வேளைச் சோற்றுக்கும் கூரைக்கும் பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் 2015 மார்ச்சில் கமாயிஷி பெயர் பட்டியலில் வந்தது. உனோசுமாயி என்ற பகுதியில், பேரலையில் பாழான தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் நின்ற இடத்தில், அரங்கு கட்டினார்கள். அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் அன்று மேட்டை நோக்கி ஓடித் தப்பியவர்கள்.

அரங்கு 2018 ஆகஸ்டில் திறந்தது. 2019 செப்டம்பர் 25 அன்று ஃபிஜியும் உருகுவேயும் ஆடின. 14,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். யாரும் எதிர்பாராமல் உருகுவே 30-27 என்று வென்றது. அக்டோபர் 13 அன்று நடக்க வேண்டிய கனடா, நமீபியா ஆட்டம் புயலால் ரத்தாயிற்று. கனடா ஆட்டக்காரர்கள் அன்று மண்வெட்டி எடுத்துத் தெருவில் சேறு அள்ளினார்கள்.

வியாபார விஷயமாக ஒன்று பாக்கியிருக்கிறது. பேரலைக்குப் பிறகு, 2014 மார்ச்சில், இரும்பாலைக்குச் சொந்தமான நிலத்திலேயே ஏயோன் என்ற பெரும் சங்கிலி நிறுவனம் வணிக வளாகத்தைத் திறந்தது. கடை கண்ணி இல்லாமல் தவித்த மக்களுக்கு அது வசதிதான். வெளியூர்க் கார்களும் வந்தன. ஆனால் தற்காலிகக் கொட்டகையில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிய சிறு வியாபாரிக்கு, எழுந்து நிற்பதற்குள் எதிரே பெரிய கடை. ஒரு காலத்தில் வாடிக்கையாளர்களை அனுப்பிக் கொடுத்த அதே ஆலை நிலத்திலிருந்து இப்போது போட்டி. ஊர் இன்று 30,000 பேரை ஒட்டி நிற்கிறது. அத்தனை பேர் கொள்முதலும் இரண்டு பக்கமும் பங்காக வேண்டும்.

2022 ஜனவரியில் தொடங்கிய லீக் ஒன் என்ற புதிய போட்டியில் சீவேவ்ஸ் அணிக்கு இரண்டாம் பிரிவில் இடம் கிடைத்தது. பின்னர் பெயரும் சற்று நீண்டது. நிப்பான் ஸ்டீல் கமாயிஷி சீவேவ்ஸ் என்று, பழைய கம்பெனியின் பெயர் மறுபடி முன்னால் வந்து உட்கார்ந்தது. உனோசுமாயி அரங்கில் ஆட்டம் நடக்கும் நாட்களில், பார்வையாளர் வரிசையில் இப்போதும் படகுக் கொடிகளை விரித்து வீசுகிறார்கள்.